அம்மா செத்த பாட்டு

ஆர்வில்லா அத்தை செத்துப்போன சேதி லாரல் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது, அவள் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துத் திங்கட்கிழமை. சனியும் ஞாயிறும் கொட்டித் தீர்த்த மழை விட்டு, மண் பொலபொலவென்று விழுந்தது. இந்தப் பதத்தைத் தவறவிட்டால் எங்கள் மலைச்சரிவில் களைக்கொத்து இறங்காது. அதனால் நானும் அவளுக்கு அடுத்த வரிசையில் குனிந்திருந்தேன். என் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், அவள் வீடு அந்தப் பக்கம். நடுவில் ஒரு பலகைப் பாலம். மழையில் அது முழுகிப்போனதில் இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அந்தப் பாக்கியையெல்லாம் அன்றைக்குப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தோம்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் பாதையில் இறங்கி வந்தது. முன்னால் எஃபி காடில், துணி போட்டு மூடிய பெரிய பாத்திரத்தோடு. பின்னால் பெண்கள், ஆளுக்கொரு சட்டி. அதற்கும் பின்னால் ஆண்கள், கடப்பாரையும் மண்வெட்டியுமாக. எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது.

அத்தை நிமிர்ந்தாள். "யாருடி போயிட்டா? சொல்லியனுப்பியிருந்தா நானும் ஒரு கோழியை அடிச்சிருப்பேனே."

எஃபி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு தானும் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதான் அத்தை."

"நான்தான் என்ன?"

"நீங்கதான் போயிட்டீங்க. சனிக்கிழமை ராத்திரி ரேடியோவுல சொன்னாங்க. நம்ம ஹோபர்ட்டே சொன்னான். அழுதுகிட்டே சொன்னான் அத்தை."

பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார். மண்வெட்டி அப்படி மறைகிற சாமானா?

என் வீட்டு ரேடியோவில்தான் அத்தை வழக்கமாக மகன் ஹோபர்ட்டின் பாட்டைக் கேட்பாள். அந்தச் சனிக்கிழமை பாலம் முழுகி அவளால் வர முடியவில்லை. எனக்கும் இடி மின்னலில் கரகரவென்ற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஹோபர்ட் புதுப் பாட்டு ஒன்று பாடினானாம். வீட்டை விட்டுப் போன மகன் கடைசி பஸ்ஸில் திரும்பி வருகிறான், மலைத் திருப்பத்தில் நின்று பார்க்கிறான், அம்மா வீட்டில் விளக்கு இல்லை. எஃபி அதைத் தன் ஒடிந்த குரலில் அங்கேயே பாடிக் காட்டினாள்.

*திரியை இறக்கிடாதே அம்மா,*
*கடைசி பஸ்ஸுல நான் இருக்கேன்;*
*மலை திரும்பி நின்னு பார்த்தேன்,*
*விளக்கும் இல்ல, நீயும் இல்ல.*

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், இது உன் வாழ்க்கையில் நடந்ததா தம்பி என்று கேட்டாராம். ஆமாம் ஐயா, இந்த வாரம்தான் என்று சொல்லிவிட்டு இவன் விம்மியிருக்கிறான்.

அத்தை களைக்கொத்தின் மேல் கையை ஊன்றி யோசித்தாள். "விளக்கு இல்லேன்னா செத்துட்டேன்னா அர்த்தம்? எண்ணெய் தீர்ந்திருக்கும். இல்லேன்னா தூங்கியிருப்பேன். எட்டு மணிக்கு மேல எவ முழிச்சிருக்கா?"

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எஃபி மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள். சாவு வீட்டுக்கு எடுத்து வந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போவது எங்கள் பக்கத்தில் ஆகாது. ஆகவே அத்தை எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறினாள். பன்றித் தொடை, பீன்ஸ், சோளரொட்டி, உலர்ந்த ஆப்பிளை மசித்துத் தடவி ஏழெட்டு அடுக்கு அடுக்கிய கேக். குழி வெட்ட வந்த ஆண்கள் வந்ததற்கு மிச்ச உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக் கொடுத்தார்கள்.

"என் சாவுச் சோத்தை நானே தின்னுட்டேன்டி வெர்டி," என்றாள் என்னிடம், விரலை நக்கிக்கொண்டே. "எஃபி இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்."

எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவினோம். "ஏன்டி அப்படிச் சொன்னான்?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். நான் தட்டைத் துடைத்தேன்.

ஹோபர்ட் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவனைத் திட்ட வேண்டும். நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை விழுந்து செத்தபோது இவன் இடுப்பளவு உயரம்தான். பையனைச் சுரங்கத்துக்கு அனுப்பமாட்டேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். ஊரார் துணி துவைத்தாள், காட்டில் மருந்து வேர் தோண்டி விற்றாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் கித்தாரும் பிடிலும் பாவத்தோடு சேர்ந்தவை. மூப்பர் ஒரு வரியை இழுத்துச் சொல்ல, ஜனங்கள் அதை வெறும் தொண்டையில் வாங்கிப் பாடுவதுதான் பாட்டு. அப்படிப்பட்ட சபையில் உறுப்பினராக இருந்துகொண்டே மகனுக்குத் தபாலில் கித்தார் வரவழைத்தாள். மூப்பர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அவன் அதுலே கை வச்சிருக்கிற நேரம் கரியிலே கை வைக்க மாட்டான்ல? கடவுளுக்கு இது புரியும். உங்களுக்குத்தான் நாளாகும்," என்று சொல்லிவிட்டு வந்தவள்.

அவன் பாட்டுக் கட்டுவதும் அவளைப் பார்த்துத்தான். அவள் மோர் கடையும் தாளத்துக்கு வாயில் வந்ததைச் சேர்ப்பான். கோழி, பக்கத்து வீட்டு நாய், என் மூக்கு, எல்லாம் பாட்டில் வரும். என் மூக்கைப் பற்றிய பாட்டை அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கப் பாடியது. பதினெட்டு வயதில், பாட்டுக்காரர்கள் பிழைப்புத் தேடிப் போகும் நாஷ்வில் நகரத்துக்குப் போனான். இடுக்குச் சந்தில் வாடகை அறை, பகலில் கிடங்கில் மூட்டை, சாயங்காலம் யார் கூப்பிட்டாலும் பாட்டு. நல்ல பாட்டாகத்தான் கட்டினான். எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்க முடியாத ஏக்கத்தில் ஒரு நாள் இதைக் கட்டினான். பாட்டில் அம்மாவைக் கொன்றதும் நாடே திரும்பிப் பார்த்தது.

ஆகஸ்டில் வந்தான். புதுக் கார், வெள்ளைத் தொப்பி. காரைச் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் மறைத்து நிறுத்திவிட்டு மக்காச்சோளத்துக்குள் புகுந்து நடந்து வந்தான். நான் அங்கே அத்தையோடு பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன். அத்தை என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இரு. சாட்சிக்கு ஒருத்தர் வேணும். பேயைப் பார்த்து இவன் பயந்துட்டா?"

"அம்மா." அவன் படியிலேயே மண்டியிட்டுவிட்டான். "வாய் தவறிடுச்சும்மா. அந்த ஆளு கண்ணு கலங்கிக் கேட்டாரு. முன்னாடி அவ்வளவு பேரு உக்காந்து அழறாங்க. இல்லே, சும்மா கட்டினதுன்னு சொல்ல நாக்கு வரலே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அவங்க அழுததெல்லாம் பொய்யாயிடுமேம்மா."

அத்தை பீன்ஸை ஒடித்துச் சட்டியில் போட்டாள். "சரி. இப்ப சொல்லிடு."

"இப்பவா? இப்ப சொன்னா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. ரெக்கார்டு போட்டவங்க சொல்றாங்க, கொஞ்ச நாள் பொறு, இன்னும் ரெண்டு பாட்டு ஓடட்டும், அப்புறம் நாமளே சொல்லிக்கலாம்னு."

"எவ்வளவு நாளைக்கு நான் செத்துக் கெடக்கணும்?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்மா. அதுக்கப்புறம் உன்னை நாஷ்வில் கூட்டிட்டுப் போறேன். முன் வரிசையிலே உக்காரவைச்சு, இதான் எங்கம்மான்னு மைக்கிலேயே சொல்றேன். சத்தியமா."

அத்தை அவனைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பாதி வியாதி அன்றைக்கே தீர்ந்திருக்கும். "அழுக்குக் காலோட படியிலே மண்டியிடாதே. உள்ளே வா, மோர் இருக்கு," என்றாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. போனது. அடுத்ததும் அப்படியே. அவன் பெயர் பெரிதாகப் பெரிதாக, உண்மையைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. அம்மா செத்த பாட்டுக்குப் பிறகு அம்மா கல்லறைப் பாட்டு, அம்மா வைத்த ரோஜாப் பாட்டு. அவளை மறுபடி மறுபடி புதைத்துச் சம்பாதிக்கிறான் என்று என் புருஷன் லான்ஸோ ஒரு தடவை சொன்னான். நான் அவனை வாயை மூடச் சொன்னேன். அவன் சொன்னது சரிதான், அதனால்தான் மூடச் சொன்னேன்.

பிறகு வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒஹையோ, மிச்சிகன், இண்டியானா என்று எங்கிருந்தெல்லாமோ கார் ஓட்டிக்கொண்டு வந்து, ஹோபர்ட் ஸ்டிடமின் அம்மா கல்லறை எங்கே என்று கேட்டார்கள். எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு குணம். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவோம். வெளியாள் முன்னால் ஒருவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம். கடைக்காரர் கையைக் காட்டினார், தபால்காரர் கையைக் காட்டினார், மூப்பர்கூட பொய் சொல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். ஆள் உயிரோடிருக்கிறாள், அந்தப் பையன் சொன்னது தப்பு என்று யாராவது ஒருத்தர் அன்றைக்கே சொல்லியிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். ஊரே சேர்ந்து விசுவாசமாக அவளைப் புதைத்து வைத்தது.

கடைசியில் வழி காட்டுவதும் அவள் தலையில்தான் விழுந்தது; கல்லறைக்குப் போகும் பாதை அவள் வீட்டைத் தாண்டித்தானே போகிறது.

"நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்பார்கள்.

"நல்லாத் தெரியும். ரொம்ப நாள் பழக்கம்," என்பாள் அத்தை.

மேலே கூட்டிப் போய், பெயர் வெட்டாத ஒரு காட்டுக் கல்லைக் காட்டுவாள். அது அவள் மாமியார் கல்லறை. அவர்கள் பூ வைத்து, பாட்டைப் பாடி அழுவார்கள். ஒருத்தி இவள் தோளில் சாய்ந்தே அழுதாள். இவளும் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். கீழே இறக்கி வந்து சோளரொட்டியும் மோரும் கொடுத்து அனுப்புவாள்.

"உசுரோட இருந்தப்ப அந்தக் கிழவி எனக்கு ஒரு வாய் நல்ல வார்த்தை சொன்னதில்லே," என்றாள் ஒரு நாள், வாடிய பூவைக் கூடையில் அள்ளிக்கொண்டே. "இப்ப பாரு, அதுக்கு ஒஹையோவிலேர்ந்து ரோஜா வருது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொம்பளை எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமாடி? அவர் அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேட்டா. நான் என்ன சொல்ல? அப்படி ஒண்ணும் பெரிசா இருக்க மாட்டா, சாதாரணமாத்தான் இருப்பான்னு சொன்னேன். மூஞ்சி விழுந்துபோச்சு அவளுக்கு."

"போதும் அத்தை. அடுத்து எவ வந்தாலும் நான்தான் அவன்னு சொல்லிடுங்க. எவன் என்ன பண்ணிடுவான்?"

"நான் சொல்லக் கூடாதுடி." களைத்துப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தாள். "அவன் சொல்லணும். அவன் வாயாலே போனது அவன் வாயாலேதான் வரணும். ஜனங்க முன்னாடி ஒரே ஒரு தடவை, இதான் எங்கம்மான்னு சொன்னா போதும். அப்புறம் நான் நெஜமாவே செத்தாக்கூடப் பரவாயில்லே."

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் பக்கத்தில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். வெளியூர் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். கல்லறை நடுவில் துணி விரித்துச் சாப்பாடு. ஒவ்வொரு வருஷமும் அத்தை பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாளில் ஹோபர்ட் வரவே முடியாது. கூட்டத்தில் எவனாவது படம் எடுத்துவிட்டால்? அவன் வந்தால் விடியற்காலையில் வந்து, காலைச் சாப்பாடு முடித்து, பனி விலகுமுன் போய்விடுவான். இருக்கிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். கல்யாணம் செய்தான், அது முறிந்தது, மறுபடி செய்தான், அதுவும் முறிந்தது. முதல் மருமகள் அத்தையைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது வந்தவளுக்கு, மாமியார் இருக்கிறாள் என்பதே தெரியாது. குடி கூடியது. வருவதும் குறைந்தது. காலமும் மாறி, ரேடியோவில் வேறு மாதிரிப் பாட்டு வந்துவிட்டது. பெரிய அரங்கத்துக்குப் போனவன் கண்காட்சி மைதானங்களுக்கு இறங்கி, பிறகு பள்ளிக்கூடங்களுக்கு இறங்கினான். அங்கேயும் கேட்டது அந்த ஒரு பாட்டைத்தான். வேறு நூறு பாட்டுக் கட்டியிருந்தான் பாவம். எல்லாம் நல்ல பாட்டு.

அப்படித்தான் ஒரு வருஷம், பூ வைக்கும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் மாவட்டத் தலைநகர்ப் பள்ளிக்கூடத்தில் அவன் பாடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைச் சுவரில் அவன் படத்தைப் பார்த்த அத்தை, "வயிறு போட்டுட்டான்," என்றாள். அப்புறம், "நான் போறேன்டி," என்றாள்.

"கூப்பிட்டானா?"

"கூப்பிடலே. கும்பலோட கும்பலா உக்காந்து பாத்துட்டு வந்துடறேன். செத்தவளுக்கு டிக்கெட் தரமாட்டேன்னா சொல்லிடுவாங்க?"

நீலத் துணியெடுத்து, வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்துத் தானே கவுன் தைத்தாள். ஊசியை மட்டும் என்னைக் கோத்துத் தரச் சொன்னாள். லான்ஸோ வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போனோம். வழியெல்லாம் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

பள்ளிக்கூடத்துப் பந்து விளையாடும் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பொரித்த சோள வாசனை. கூட்டத்தில் பாதி எங்கள் மலைக்காரர்கள், பாதி வெளியூர்க்காரர்கள். அத்தை உள்ளே நுழைந்ததும் எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். எஃபி காடில் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாங்கள் கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்தோம்.

ஹோபர்ட் வந்தான். மினுமினுப்புச் சட்டை வயிற்றில் பிடித்தது. குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது, அதை மறைக்க மாட்டேன். அத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் உதடும் சேர்ந்து அசைந்தது. எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கடைசியில் அந்தப் பாட்டு. கூட்டம் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தது. 'விளக்கும் இல்ல' என்ற இடத்தில் அவன் கண் எங்கள் வரிசைக்கு வந்தது. அத்தோடு குரல் நின்றுவிட்டது. கித்தார் மட்டும் கொஞ்சம் ஓடி அதுவும் நின்றது.

எங்கள் மலைக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினான். தலையில் பாதி முடி இல்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "ரொம்ப வருஷமா சொல்லாம இருந்துட்டேன். எங்கம்மா இங்கே இருக்காங்க. இந்தக் கூடத்துக்குள்ளேயே இருக்காங்க."

"ஆமென்," என்றார் முன் வரிசையில் ஒருவர்.

"இல்லே, கேளுங்க. எங்கம்மா சாகலே. அதோ இருக்காங்க. நீலக் கவுன். அம்மா, எழுந்திரும்மா. எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்."

கூடமே விம்மியது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கையை உயரத் தூக்கினார்கள். ஆண்கள் தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்கள். பாட்டில் புதிதாகச் சேர்த்த இடம் என்று நினைத்துக்கொண்டு, அவனோடு வந்த பிடில்காரன் மெதுவாக ஒரு பரலோகப் பாட்டை இழுக்க ஆரம்பித்தான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

ஆர்வில்லா அத்தை எழுந்து நின்றாள். கவுனை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நேராக, இரண்டு கையையும் முன்னால் கோத்து நின்றாள்.

ஒரு வெளியூர் ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தவர்களும் கூரையைத்தான் பார்த்தார்கள்.

"இவங்கதான்!" என்று நான் கத்தினேன். "ஏ ஜனங்களே, இங்கே பாருங்க, இவங்கதான் அவன் அம்மா! உசுரோட நிக்கிறாங்க!"

வாசலில் நின்ற ஆள் ஓடி வந்து என் தோளைத் தொட்டான். "அம்மா, தயவுசெஞ்சு. அவர் துக்கத்துலே இருக்கார். கேலி பண்ணாதீங்க."

எஃபியைப் பார்த்தேன். கடைக்காரரைப் பார்த்தேன். வருஷக்கணக்காக அந்தக் காட்டுக் கல்லுக்கு வழி காட்டிய அத்தனை பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் ஹோபர்ட் கையை நீட்டியபடியே நின்றான். "நெஜமாத்தான் சொல்றேன்," என்றான், குரல் உடைந்து. அதற்கு அழுகை இன்னும் கூடியது.

பின் வரிசையிலிருந்து ஒருத்தி அத்தையின் முதுகை மெதுவாகத் தட்டினாள். கன்னமெல்லாம் கண்ணீர். "கொஞ்சம் உக்காருங்க பெரியம்மா. மறைக்குது. பாவம், அந்த மனுஷன் அவங்க அம்மாவைப் பாக்கறார்."

அத்தை திரும்பி அவளைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோ தாயி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஹோபர்ட்டின் கை இறங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் பிடில்காரன் வேகமான பாட்டு ஒன்றைத் தொடங்கினான். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. அத்தையும் தட்டினாள். மேடையில் அவன் வாய் பாடியது, கண் இவளை விட்டு நகரவில்லை.

"சொல்லிட்டான் பாத்தியா?" என்றாள் என் காதில்.

"சொன்னான் அத்தை." எனக்கு ஆத்திரமாக வந்தது. "சொல்லி என்ன? ஒருத்தரும் நம்பலியே."

"எப்படிடி நம்புவாங்க?" என்றாள், தட்டுவதை நிறுத்தாமல். "அவ்வளவு நல்லாப் பாடறான்."